சிறுகுடல் சத்துகளை உறிஞ்சுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடலியல் பாடம் நடத்தும் எனக்கு, செரிமானப் பகுதி முடிகிற அன்று வரும் கேள்விகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றேதான். பாதி வகுப்பிலேயே வந்துவிடும். மீதி, வகுப்பு முடிந்தபின் வாசலில் நிறுத்தி "எங்கள் அம்மாவுக்கு ஒரு பிரச்சினை" என்று தொடங்கும். இரண்டு வகையையும் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பி எழுதப்பட்டவை. ஆகவே முதல் தடவை வரிசையாகப் படித்துவிடுங்கள். நோய்கள் பற்றிச் சொல்லியிருப்பது புரிதலுக்காக மட்டுமே. மருந்தை மாற்றவும் நிறுத்தவும் மருத்துவர் இருக்கிறார்.

உணவு செரிப்பதும் சத்து உறிஞ்சப்படுவதும் ஒன்றுதானே?

இல்லை. செரித்தல் என்பது உடைப்பது. உறிஞ்சுதல் என்பது உள்ளே எடுத்துக்கொள்வது. மாவுச்சத்து சர்க்கரைகளாகவும், புரதம் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும், கொழுப்பு கொழுப்பு அமிலங்களாகவும் உடைவது முதல் வேலை. அந்தத் துணுக்குகள் குடல் சுவரைக் கடந்து ரத்தத்திலோ நிணநீரிலோ சேர்வது இரண்டாம் வேலை.

வகுப்பில் நான் இதை வேறு விதமாகக் கேட்பதுண்டு: விழுங்கிய உணவு உடலுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? எல்லோரும் உள்ளே என்பார்கள். ஆனால் உணவுப்பாதை வாயில் தொடங்கி ஆசனவாயில் முடியும் ஒரு குழாய். அதற்குள் இருப்பது, குழாயின் சுவரைக் கடக்கும்வரை, உடலுக்கு வெளியில்தான் இருக்கிறது. விழுங்கிய நாணயம் ஒன்று சில நாட்களில் அப்படியே வெளியேறிவிடுகிறதல்லவா? அது ஒரு கணம்கூட உடலுக்குள் நுழையவில்லை. கீழே வரும் பெரும்பாலான குழப்பங்கள் இந்த ஒன்றை மறப்பதால் வருபவை.

எல்லாம் வயிற்றிலேயே முடிந்துவிடுகிறது என்றுதான் நினைத்திருந்தேன். இரைப்பை எதையும் உறிஞ்சாதா?

மிகக் குறைவாகத்தான். மது, ஆஸ்பிரின் போன்ற சில பொருள்கள் ஓரளவு இரைப்பையிலேயே கடந்துபோகும். சத்துகளைப் பொறுத்தவரை இரைப்பை ஒரு கலவைக்கூடம். அமிலத்தோடு பிசைந்து, கூழாக்கி, சிறிது சிறிதாகச் சிறுகுடலுக்குத் திறந்துவிடுகிறது. அந்தக் கூழ் சிறுகுடலைக் கடக்கப் பொதுவாக 3 முதல் 5 மணி நேரம் ஆகிறது. உறிஞ்சுதலில் பெரும்பங்கு அந்தப் பயணத்தில்தான் நடக்கிறது.

ஒரு புத்தகத்தில் சிறுகுடல் 3 மீட்டர் என்றும் இன்னொன்றில் 7 மீட்டர் என்றும் இருக்கிறதே, எது சரி?

இரண்டும் அளந்தவைதான். இறந்த உடலில் குடலின் தசைகள் முற்றிலும் தளர்ந்துவிடுவதால் 6 முதல் 7 மீட்டர்வரை நீள்கிறது. உயிருள்ளவரிடம் தசைகள் இறுக்கத்தோடு இருப்பதால் 3 முதல் 5 மீட்டர்தான்.

மூன்று பகுதிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். முதல் 25 சென்டிமீட்டர் முன்சிறுகுடல். பித்தநீரும் கணையநீரும் வந்து சேருமிடம். அடுத்தது நடுச்சிறுகுடல். அதன்பின் பெருங்குடல்வரை நீள்வது பின்சிறுகுடல்.

குடலை விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானத்தையே மூடலாம் என்கிறார்களே?

நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். 2014இல் சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மறுபடி கணக்கிட்டார்கள். சிறுகுடலின் உட்பரப்பு சுமார் 30 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ பாதி பேட்மிண்டன் மைதானம் என்று வந்தது. டென்னிஸ் மைதானத்தைவிட மிகச் சிறியதுதான். ஆனாலும் 2.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய்க்குள் அவ்வளவு பரப்பு மடங்கிக் கிடப்பது சாதாரணமா?

மடிப்பு மூன்று அடுக்கு. முதலில், சுவரே வளையம் வளையமாக உள்நோக்கி மடிந்திருக்கிறது. அந்த மடிப்புகளின்மேல் குடலுறிஞ்சிகள்: அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள, விரல் போன்ற நீட்சிகள். வெறும் கண்ணுக்குக் குடலின் உட்புறம் வெல்வெட் துணிபோலத் தெரிவது இவற்றால்தான். மூன்றாவதாக, ஒவ்வொரு குடலுறிஞ்சியையும் போர்த்தியிருக்கும் செல்களின் மேல்விளிம்பில், ஒரு மைக்ரோமீட்டர் உயரத்தில் ஆயிரக்கணக்கான நுண்ணுறிஞ்சிகள். சர்க்கரையையும் புரதத்துண்டுகளையும் கடைசியாக உடைக்கும் நொதிகள் இந்த நுண்ணுறிஞ்சிகளின் மேலேயே பதிந்திருக்கின்றன. உடைத்த இடத்திலேயே உள்ளே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

ஒரு குடலுறிஞ்சிக்குள் என்னதான் இருக்கிறது?

நடுவில் ஒரு நிணநீர்க் குழல், சுற்றிலும் ரத்த நுண்குழல்களின் வலை, வெளியே ஒற்றை அடுக்குச் செல்கள். ரத்தத்துக்கும் உணவுக்கூழுக்கும் இடையில் இருப்பது ஏறக்குறைய அந்த ஒற்றை அடுக்கு மட்டுமே. கிருமியும் நஞ்சும் அமிலமும் புரளும் இடத்தில் இவ்வளவு மெல்லிய வேலியா என்று தோன்றும். மெல்லியதாக இல்லாவிட்டால் சத்து கடக்காது. ஆகவே உடல் வேறொரு வழியைக் கையாள்கிறது. தேய்ந்த வேலியைப் பழுதுபார்ப்பதில்லை, மாற்றிவிடுகிறது. குடலுறிஞ்சிகளின் அடியிலுள்ள குழிகளில் ஸ்டெம் செல்கள் ஓயாமல் பிரிகின்றன. புதிய செல்கள் மெல்ல மேலேறி, நுனியை அடைந்து, உதிர்ந்துவிடுகின்றன. ஒரு செல்லின் ஆயுள் 3 முதல் 5 நாட்கள். உங்கள் சிறுகுடலின் உட்போர்வை போன வாரம் இருந்ததில்லை.

இந்த 3–5 நாள் கணக்கு பின்னால் குறைந்தது மூன்று கேள்விகளுக்கு விடையாக வரப்போகிறது.

சர்க்கரை எப்படி உள்ளே போகிறது? செல்லில் ஓட்டை இருக்கிறதா?

ஓட்டை இல்லை, ஆள் இருக்கிறார். செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. நீரில் கரையும் குளுக்கோஸ் அதைத் தானாகக் கடக்க முடியாது. அதைக் கடத்திவிடச் சவ்வில் கடத்திப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்றின் நிபந்தனை விசித்திரமானது: ஒரு குளுக்கோஸ் உள்ளே போக வேண்டுமானால் இரண்டு சோடியம் அயனிகள் கூடவே வர வேண்டும். தனியாக வரும் குளுக்கோஸை அது எடுக்காது. கேலக்டோஸுக்கும் இதே வாசல்தான். ஃபிரக்டோஸுக்கு மட்டும் வேறு கடத்தி. அதற்குச் சோடியம் தேவையில்லை, ஆனால் வேகம் குறைவு. பழச்சர்க்கரையை ஒரே தடவையில் மிகுதியாக எடுத்துக்கொண்டால் சிலருக்கு வயிறு உப்புவது அதனால்தான்.

சோடியம் ஏன் இவ்வளவு ஆர்வமாக உள்ளே பாய்கிறது? செல்லின் மறுபக்கத்தில், அதாவது ரத்தத்தைப் பார்த்த பக்கத்தில், ஒரு பம்பு இடைவிடாமல் சோடியத்தை வெளியே இறைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் நீர் ஒரு சக்கரத்தைச் சுற்றுவதுபோல, உள்ளே பாயும் சோடியம் குளுக்கோஸை இழுத்துச் செல்கிறது. உயிராற்றல் செலவாவது அந்தப் பம்பில்தான். இந்தச் சோடியம்–குளுக்கோஸ் கூட்டை ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் 1960இல் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் முன்வைத்தார்.

வயிற்றுப்போக்கின்போது உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை ஏன் கொடுக்கிறார்கள்? வெறும் தண்ணீர் போதாதா?

மேலே சொன்ன கடத்தியின் நேரடிப் பயன் இது. தண்ணீருக்கென்று குடலில் தனிப் பம்பு கிடையாது. உப்பும் சர்க்கரையும் போகும் பக்கம், சவ்வூடு பரவலால் தண்ணீர் பின்தொடர்கிறது. காலராவில் குடல் செல்கள் குளோரைடையும் நீரையும் வெளியே கொட்டுகின்றன. கடுமையான நேரத்தில் மணிக்கு ஒரு லிட்டர்கூட இழப்பாகலாம். ஆனால் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து எடுக்கும் கடத்தி அப்போதும் கெடுவதில்லை. திறந்திருக்கும் அந்த ஒரு வாசலுக்கு ஏற்ற சாவிதான் உப்பு-சர்க்கரைக் கரைசல்.

அளவு முக்கியம். உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் ஒரு லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸ் 75 மில்லிமோல். சர்க்கரையை அள்ளிப் போட்டால் அது உறிஞ்சப்படாமல் குடலிலேயே நின்று, ரத்தத்திலுள்ள நீரைக் குடலுக்குள் இழுத்து, போக்கை அதிகமாக்கும். இனிப்புக் குளிர்பானம் இதற்கு மாற்று ஆகாது என்று சொல்வது அதனால்தான்.

1971இல், வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்திலுள்ள பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. சிரைவழித் திரவம் தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் இந்தக் கரைசலைப் பீப்பாய்களில் கலந்து, உறவினர்களையே நோயாளிகளுக்குக் கொடுக்கச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஒரு சவ்வுப் புரதத்தின் பிடிவாதம் இத்தனை உயிர்களைக் காப்பாற்றியது என்று இந்த இடத்தில் சொல்லும்போது வகுப்பு சற்று அமைதியாகிவிடும்.

விளம்பரத்தில் வரும் கொலாஜன் பொடியைச் சாப்பிட்டால் அது நேராகத் தோலுக்குப் போகுமா?

தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனின் முழு மூலக்கூறு குடல் சுவரைக் கடக்காது. எந்தப் புரதமாக இருந்தாலும் இரைப்பையிலும் கணைய நொதிகளாலும் துண்டாகிறது. பலர் நினைப்பதுபோல எல்லாம் ஒற்றை ஒற்றை அமினோ அமிலமாக ஆகும்வரை காத்திருப்பதும் இல்லை. இரண்டு அல்லது மூன்று அமினோ அமிலங்கள் கோத்த துண்டுகளை அப்படியே உள்ளே இழுக்க ஒரு கடத்தி உண்டு. அதன் துணை சோடியம் அல்ல, ஹைட்ரஜன் அயனி. உள்ளே போனபின் பெரும்பாலானவை செல்லுக்குள்ளேயே ஒற்றை அமினோ அமிலங்களாக உடைந்து ரத்தத்துக்குப் போகின்றன.

கொலாஜனின் சில இரட்டைத் துண்டுகள் உடையாமல் ரத்தம்வரை வருவது உண்மை. ஆனால் ரத்தத்தில் சேர்ந்த அமினோ அமிலத்தில் "இது தோலுக்கு" என்று முகவரி ஒட்டியிருக்காது. எங்கே தேவையோ அங்கே போகும். முதலில் போவது கல்லீரலுக்கு: குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலைத் தொட்டுவிட்டுத்தான் இதயத்துக்குப் போகிறது.

எல்லாச் சத்தும் ரத்தத்துக்குப் போகும்போது கொழுப்பு மட்டும் ஏன் வேறு வழியில் போகிறது?

பருமன்தான் காரணம். கதையைத் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன். கொழுப்பு நீரில் கரையாது. பெரிய துளிகளாக மிதக்கும். பித்த உப்புகள் அதைச் சிறு துளிகளாகச் சிதறடிக்கின்றன. கணைய லைப்பேஸ் அவற்றைக் கொழுப்பு அமிலங்களாகவும் மோனோகிளிசரைடுகளாகவும் உடைக்கிறது. இவற்றை மீண்டும் பித்த உப்புகள் சூழ்ந்து, மைசெல் எனப்படும் மிக நுண்ணிய பொட்டலங்களாக்கி, நுண்ணுறிஞ்சிகளின் அருகே கொண்டுசேர்க்கின்றன. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் இந்தப் பொட்டலத்தில் ஏறித்தான் வருகின்றன. சரக்கு செல்லுக்குள் போய்விடும். பித்த உப்பு வெளியிலேயே நின்று அடுத்த சுமைக்குத் திரும்பும்.

இனிமேல் நடப்பதுதான் விந்தை. அவ்வளவு பாடுபட்டு உடைத்ததைச் செல் மறுபடி ஒட்டிக் கொழுப்பாக்குகிறது. அதைப் புரத உறை போர்த்திக் கைலோமைக்ரான் என்ற உருண்டையாக வெளியே விடுகிறது. இந்த உருண்டை ரத்த நுண்குழலின் சுவரில் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. குடலுறிஞ்சியின் நடுவிலிருக்கும் நிணநீர்க் குழலின் சுவரில் இடைவெளிகள் அதிகம், அதில் நுழைந்துவிடும். அங்கிருந்து மார்பு நிணநீர் நாளம் வழியாக மேலேறி, இடது கழுத்தடியில் சிரையோடு கலக்கிறது. ஆக, கொழுப்பின் பெரும்பங்கு கல்லீரலை முதலில் சந்திக்காமலே ரத்த ஓட்டத்துக்கு வந்துவிடுகிறது. குட்டையான, நடுத்தர நீளமுள்ள கொழுப்பு அமிலங்களுக்கு மட்டும் இந்தச் சுற்றுவழி வேண்டாம். அவை நேராகப் போர்ட்டல் சிரைக்குப் போய்விடும்.

இந்த நிணநீர்க் குழல்களை முதலில் கவனித்தவர் காஸ்பரே அசெல்லி என்ற இத்தாலிய மருத்துவர். 1622இல், சற்று முன்பு உணவுண்ட ஒரு நாயின் உடலைத் திறந்தபோது குடலைச் சுற்றி வெள்ளை இழைகளைக் கண்டார். நரம்பு என்றெண்ணி ஒன்றைக் கீறியதும் பால்போன்ற திரவம் வழிந்தது. உணவுண்ணாத நாயில் அந்த இழைகள் தெரியவில்லை. அவர் பார்த்த வெண்மை, நாம் மேலே சொன்ன கைலோமைக்ரான்கள்.

பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். இனிக் கொழுப்பே செரிக்காதா?

செரிக்கும். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை சேமித்து அடர்த்தியாக்கும் பை மட்டுமே. அந்தப் பை போனபின் பித்தநீர் சொட்டுச் சொட்டாக எந்நேரமும் குடலுக்கு வந்துகொண்டிருக்கும். பெரும்பாலானோருக்கு அதுவே போதுமானது. சிலருக்குக் கொழுப்பு மிகுந்த உணவுக்குப்பின் மலம் இளகலாம்.

சுரப்பைவிடத் திரும்பப் பெறுவதுதான் இங்கே பெரிய வேலை. உடலிலுள்ள பித்த உப்பின் மொத்த இருப்பு சில கிராம்தான். வேலை முடிந்ததும் சுமார் 95 சதவீதம் பின்சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்பி, மறுபடி சுரக்கப்படுகிறது. ஒரே சரக்கு ஒரு நாளில் பல சுற்று வருகிறது. அந்தக் கடைசிப் பகுதி கெட்டால் என்ன ஆகும் என்பதை இறுதிக் கேள்வியில் பார்க்கலாம்.

சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் செரிமான நீர் நீர்த்துப்போகும், சத்து சேராது என்கிறார்கள். உண்மையா?

ஒரு நாளில் சிறுகுடலுக்கு வந்துசேரும் திரவம் சுமார் 9 லிட்டர். அதில் நாம் குடிப்பதும் உண்பதும் 2 லிட்டர் அளவே. மீதி 7 லிட்டரும் உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் என்று உடலே ஊற்றுவது. அதில் பெரும்பகுதியைச் சிறுகுடலே திரும்ப உறிஞ்சிவிட்டு, ஒன்று ஒன்றரை லிட்டரைப் பெருங்குடலுக்கு அனுப்புகிறது. இந்தக் கணக்கில் ஒரு டம்ளர் தண்ணீர் எதையும் கெடுத்துவிடாது. தாகமாக இருந்தால் குடியுங்கள்.

பழத்தைத் தனியாகத்தான் சாப்பிட வேண்டுமாமே? மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்தால் குடல் குழம்பிவிடுமா?

குழம்பாது. கணையநீரில் மாவு, புரதம், கொழுப்பு மூன்றுக்குமான நொதிகளும் ஒன்றாகவே வருகின்றன, கடத்திகளும் தனித்தனி. தவிரவும், ஒரே ஒரு சத்து மட்டும் கொண்ட இயற்கை உணவு அரிது.

குடல் சுவரில் பல வருடக் கழிவு ஒட்டியிருக்கிறது, அதைச் சுத்தம் செய்தால்தான் சத்து சேரும் என்று ஒருவர் சொன்னார்.

எதன்மேல் ஒட்டியிருக்கும்? 3–5 நாளில் உதிர்ந்துவிடும் செல்லின் மேல் பல வருடக் கழிவு எப்படித் தங்கும்? அதோடு, வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரைப்பையிலிருந்து பின்சிறுகுடல்வரை ஓர் அலை ஓடி, மிச்சம் மீதியைத் துடைத்துத் தள்ளுகிறது. பசி நேரத்தில் கேட்கும் கடமுடா ஓசையில் அதற்கும் பங்குண்டு. இந்தத் துடைப்பம் பிறந்த நாளிலிருந்து வேலை செய்கிறது, சம்பளம் கேட்பதில்லை. கடுமையான பேதி மருந்துகளால் சத்து சேர்வது அதிகரிக்காது. நீரும் உப்பும்தான் போகும்.

இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் எடுக்கிறேன். ஏன் ரத்தத்தில் ஏறவில்லை?

பல காரணங்கள் இருக்கலாம், அவற்றுள் ரத்தக்கசிவை மருத்துவர்தான் தேடிப் பார்க்க வேண்டும். குடல் தரப்பு நியாயத்தை நான் சொல்கிறேன். தேவைக்குமேல் சேர்ந்த இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது. அதிக இரும்பு நஞ்சு. ஆகவே கட்டுப்பாடு முழுவதும் நுழைவாயிலில் இருக்கிறது. முன்சிறுகுடல் செல் இரும்பை உள்ளே எடுத்தாலும், ரத்தத்துக்கு அனுப்பும் பின்வாசல் திறந்திருந்தால்தான் அது உடலில் சேரும். பின்வாசலைப் பூட்டும் அதிகாரம், கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோனிடம் இருக்கிறது. கதவு பூட்டியிருந்தால் இரும்பு செல்லுக்குள்ளேயே கிடக்கும். பிறகு? மூன்று நான்கு நாளில் செல் உதிரும்போது இரும்பும் அதோடு மலத்தில் போய்விடும்.

உடலில் அழற்சி இருந்தால் ஹெப்சிடின் கூடும். நாட்பட்ட நோயுள்ளவர்களுக்கு மாத்திரை பலன் தராமல் போவதற்கு இது ஒரு காரணம். ஒரு வேளை மாத்திரைகூட ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஹெப்சிடினை உயர்த்துகிறது. அதனால்தான் சில மருத்துவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கச் சொல்கிறார்கள்.

உணவின் பங்கும் உண்டு. தாவர உணவிலுள்ள இரும்பை வைட்டமின் சி எளிதில் உறிஞ்சும் வடிவத்தில் வைத்திருக்கும். தேநீரிலுள்ள டானின்களும் முழுத் தானியங்களின் ஃபைட்டேட்டும் கால்சியமும் தடுக்கும். இறைச்சியிலுள்ள இரும்பு தனிப் பாதையில் போவதால் டானினாலும் ஃபைட்டேட்டாலும் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. மாத்திரையைத் தேநீரோடு விழுங்குபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பி12 உள்ள உணவெல்லாம் சாப்பிடுகிறேன், ஆனாலும் குறைபாடு என்கிறது அறிக்கை. எப்படி?

பி12 போல இவ்வளவு சடங்கோடு உள்ளே போகும் சத்து வேறில்லை. இரைப்பை அமிலம் அதை உணவிலிருந்து பிரிக்க வேண்டும். இரைப்பைச் சுவர் சுரக்கும் அகக்காரணி என்ற புரதத்தோடு அது முன்சிறுகுடலில் இணைய வேண்டும். அந்த இணை சிறுகுடல் முழுவதையும் கடந்து, பின்சிறுகுடலின் கடைசியிலிருக்கும் ஏற்பிகளை அடைய வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் தட்டில் எவ்வளவு பி12 இருந்தும் பயனில்லை. அகக்காரணிக்கு எதிராக உடலே எதிர்ப்பொருள் உண்டாக்கும் நோய், நீண்டநாள் அமிலக் குறைப்பு மாத்திரை, நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின், பின்சிறுகுடல் அழற்சி எல்லாம் இந்தப் பட்டியலில் வரும்.

1920களின் இறுதியில் வில்லியம் கேஸில் என்ற அமெரிக்க மருத்துவர் இதைச் சோதித்த முறை அருவருப்பானது, ஆனால் மேதைமை. தானே இறைச்சி சாப்பிட்டு, தன் இரைப்பையிலிருந்து அதை வெளியே எடுத்து, குழாய் வழியாகக் கொடிய ரத்தசோகை (அகக்காரணி இல்லாமல் பி12 குறைவதால் வருவது) நோயாளிகளுக்குச் செலுத்தினார். வெறும் இறைச்சி கொடுத்தபோது தேறாத நோயாளிகள் இதில் தேறினார்கள். நலமான இரைப்பையில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அப்படித்தான் தெரிந்தது.

கல்லீரலில் பி12 இருப்பு சில ஆண்டுகளுக்குப் போதும். ஆகவே உறிஞ்சுதல் நின்றாலும் குறைபாடு உடனே தெரியாது. மிக அதிக அளவு கொடுத்தால் சுமார் 1 சதவீதம் அகக்காரணி இல்லாமலே ஊடுருவிவிடும். 1000 மைக்ரோகிராம் மாத்திரையின் தத்துவம் அதுதான்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது. இது ஒவ்வாமையா?

பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல. பாலின் சர்க்கரையான லாக்டோஸ், குளுக்கோஸ், கேலக்டோஸ் என்று இரண்டாக உடைந்தால்தான் மேலே சொன்ன கடத்தியால் எடுக்க முடியும். உடைக்கும் லாக்டேஸ் நொதி நுண்ணுறிஞ்சிகளின் மேல் இருக்கிறது. குழந்தைப் பருவத்துக்குப்பின் அது குறைவது மனித இனத்தின் பொதுவான நிலை. உலக மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அப்படித்தான். உடையாத லாக்டோஸ் நீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து வாயுவாக்குகின்றன. அப்படியுள்ளவர்களிலும் பலருக்கு ஒரு டம்ளர் பால் ஒத்துக்கொள்ளும். தயிரில் இன்னும் தொல்லை குறைவு.

கடும் வயிற்றுப்போக்குக்குப்பின் சில நாட்கள் மட்டும் பால் ஒத்துக்கொள்ளாமல் போனால் பதற வேண்டாம். கிருமியால் உதிர்ந்த செல்களுக்குப் பதிலாக வந்த இளஞ்செல்களில் லாக்டேஸ் இன்னும் முளைக்கவில்லை, அவ்வளவுதான்.

கோதுமை சிலருக்குக் குடலையே அழித்துவிடும் என்கிறார்களே, எல்லோரும் நிறுத்திவிடலாமா?

அது சீலியாக் நோய். மக்களில் சுமார் 1 சதவீதத்தினருக்கு இருக்கிறது. கோதுமை, பார்லி, ரை தானியங்களிலுள்ள குளூட்டன் புரதத்துக்கு எதிராக நோயெதிர்ப்பு மண்டலம் கிளம்பி, குடலுறிஞ்சிகளைத் தட்டையாக்கிவிடுகிறது. பரப்பு பற்றிய கேள்வியை நினைவுபடுத்திக்கொண்டால் விளைவு புரியும்: மடிப்பின் ஓர் அடுக்கே காணாமல் போகிறது. முன்சிறுகுடல் அதிகம் அடிபடுவதால் வேறு அறிகுறியே இல்லாமல் ரத்தசோகை மட்டும் தலைகாட்டுவதுண்டு. குளூட்டனை முற்றிலும் விலக்கினால் ஸ்டெம் செல்கள் குடலுறிஞ்சிகளை மீண்டும் எழுப்பிவிடும்; அதற்கு மாதங்கள், பெரியவர்களுக்குச் சில வேளை ஆண்டுகள் ஆகும்.

நோய் இல்லாதவர் நிறுத்த வேண்டியதில்லை. சந்தேகம் இருப்பவர் பரிசோதனைக்கு முன்பே நிறுத்திவிடவும் கூடாது. உணவில் குளூட்டன் இல்லாதபோது ரத்தப் பரிசோதனை "நோய் இல்லை" என்று பொய்யாகச் சொல்லிவிடலாம்.

எவ்வளவு சாப்பிட்டாலும் எடை ஏறவில்லை. என் குடல் எதையும் உறிஞ்சவில்லையோ?

நலமான குடல் மிகவும் கெட்டிக்காரி: கொழுப்பில் சுமார் 95 சதவீதத்தை உள்ளே எடுத்துவிடுகிறாள். எடை ஏறாததற்கு வேறு காரணங்களே அதிகம். உறிஞ்சுதல் உண்மையில் கெட்டிருந்தால் மலம் காட்டிக்கொடுக்கும்: வெளிறி, பிசுபிசுத்து, கடும் நாற்றத்தோடு, எளிதில் கழுவிப் போகாமல் இருக்கும். அதோடு எடை குறைவதும் ரத்தசோகையும் சேர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். அறிகுறி எதுவுமில்லாமல் ஒல்லியாக இருப்பது நோய் அல்ல.

சிறுகுடலில் பாதியை வெட்டி எடுத்துவிட்டால் ஒருவர் வாழ முடியுமா?

முடியும். ஆனால் எந்தப் பாதி என்பதைப் பொறுத்தது. நடுச்சிறுகுடல் போனால் பின்சிறுகுடல் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும்; அதன் குடலுறிஞ்சிகள் உயரமாக வளரும், குடலும் சற்று அகலும். பின்சிறுகுடலின் கடைசிப் பகுதி போனால் மாற்று ஆள் கிடையாது. பி12 உறிஞ்சுவதும் பித்த உப்பைத் திரும்பப் பெறுவதும் அங்கே மட்டும்தான் திறம்பட நடக்கிறது. பி12ஐ ஊசியாகப் போட்டுக்கொள்ளலாம். பித்த உப்பு இழப்பு சிக்கலானது. சிறிது இழந்தால் அது பெருங்குடலை உறுத்தி நீர்ப்போக்கை உண்டாக்கும். ஒரு மீட்டருக்குமேல் எடுக்கப்பட்டால் கல்லீரலால் இழப்பை ஈடுகட்ட முடியாது. கொழுப்பு உறிஞ்சப்படாமல், ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கூடவே போகும்.

எதிர்பாராத இன்னொரு விளைவு சிறுநீரகக் கல். உறிஞ்சப்படாத கொழுப்பு அமிலங்கள் குடலில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வழக்கமாகக் கால்சியத்தோடு சேர்ந்து வெளியேறும் ஆக்சலேட் துணையின்றி நின்று, பெருங்குடல் வழியாக ரத்தத்தில் நுழைந்து, சிறுநீரகத்தில் கல்லாகிறது. குடல் அறுவைக்குச் சிறுநீரகம் பதில் சொல்கிறது.

மிஞ்சிய நீளம் 2 மீட்டருக்குக் கீழே போனால் அதைக் குறுங்குடல் நிலை என்பார்கள். அவர்களில் பலருக்குச் சத்துகளைச் சிரைவழியாகவே கொடுக்க நேரிடும். பெருங்குடல் மீந்திருந்தால் பெரிய உதவி: நீரையும் உப்பையும் மீட்பதோடு, செரிக்காத மாவுச்சத்தைப் பாக்டீரியாக்கள் குட்டைக் கொழுப்பு அமிலங்களாக்க, அதையும் உறிஞ்சி ஆற்றலாகத் தருகிறது. குடலுறிஞ்சிகளை வளரத் தூண்டும் ஜி.எல்.பி.-2 ஹார்மோனின் மாற்று வடிவமான டெடுகுளூடைடு மருந்து 2012 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதைப் பெறுபவர்களில் சிலர் சிரைவழி ஊட்டத்தை வாரத்தில் ஓரிரு இரவு குறைத்துக்கொள்ள முடிகிறது. ஒரு சிலர் குழாயை முழுவதுமே கழற்றிவிடுகிறார்கள்.